நீர்ப்பறவை என்னும் பெயர் மறைப்பது

ஒரு பெயர் பொருளைச் சுட்டும்போதே அப்பொருளின் ஒரு பகுதியை மறைத்தும் விடுகிறது. மொழியியல் பயில்வோர் நன்கறிந்த இவ்வுண்மைக்கு 'நீர்ப்பறவை' என்னும் சொல் தக்க சான்றாகும். வாத்தை நாம் நீர்ப்பறவை என்கிறோம். எனினும் வாத்தினங்கள் பலவற்றின் பேடைகள், தம் ஆண்டின் இடர்மிக்க ஐந்து வாரங்களைத் தரையில், புல்லிடையே கழிக்கின்றன. பெயர் மறைத்த அந்நிலத்தை நாம் மறந்தால் பறவையையும் இழக்க நேரும். அஃது எவ்வாறு என்பதை இங்குக் காண்போம்.

இதனை விளக்க வட அமெரிக்காவின் குட்டைப் புல்வெளி ஏற்ற இடமாகும். கனடாவின் ஆல்பர்ட்டா முதல் அமெரிக்காவின் ஐயோவா வரை அது பரந்து கிடக்கிறது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்ப் பின்வாங்கிய பனியாறுகள் அங்கு இலட்சக்கணக்கான பள்ளங்களை விட்டுச் சென்றன. உருகும் பனியும் மழையும் அவற்றைக் குட்டைகளாக்கின. அக்கண்டத்து வாத்துகளுள் ஏறத்தாழப் பாதி அங்கேயே இனம் பெருக்குகின்றன.

குட்டைகளின் பயன் யாது? ஆழமில்லாத சிறு குட்டையே இளவேனிலில் முதலில் வெப்பமுறும். அதில் பூச்சிகளின் இளவுயிர்களும் நத்தைகளும் விரைந்து பெருகும். முட்டையிடவிருக்கும் பேடைக்கு வேண்டிய புரதம் அவற்றிலிருந்தே கிடைக்கிறது. சில வாரங்களில் வற்றிப்போகும் இக்குட்டைகளை மனிதர் பயனற்றவையாகக் கருதினர். வாய்க்கால் வெட்டி நீரை வடித்து உழுதனர். ஐயோவா மாநிலம் தன் ஈரநிலங்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை இவ்வாறு இழந்தது.

இனி நிலத்திற்கு வருவோம். பச்சைத் தலையுடைய ஆணைக் கொண்டு எளிதில் அறியப்படும் மல்லார்டு வாத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பேடை புல்லிடையே குழி அமைத்து, நாளுக்கு ஒன்றாக ஏறத்தாழ ஒன்பது முட்டைகளை இடும்; பின்னர் நான்கு வாரம் அடைகாக்கும். ஆகக் கூடு 35 நாள் தப்பவேண்டும். செந்நரியும், நாற்றநீர் பீச்சும் ஸ்கங்கும், ரக்கூனும் அக்கூட்டைத் தேடுகின்றன. நரி முட்டையைக் கவர்வதோடு நில்லாமல் பேடையையும் கொல்லும்.

ஒரு நாளில் கூடு அழியும் வாய்ப்பு 5 விழுக்காடு மட்டுமே எனக் கொள்வோம். கேட்பதற்கு அது சிறிய எண். ஆயின் அவ்விடர் 35 நாளும் தொடரும்போது, நூறு கூடுகளுள் ஏறத்தாழ 17 மட்டுமே எஞ்சும். அவ்வாய்ப்பு 3 விழுக்காடாகக் குறைந்தால் 34 கூடுகள் எஞ்சும். கூட்டை இழந்த பேடை மீண்டும் கூடு கட்ட முயல்வதுண்டு. அதனையும் கருத்திற்கொண்டு, மல்லார்டுகளின் தொகை குறையாதிருக்க நூற்றுக்கு 15 கூடுகளேனும் பொரிக்கவேண்டும் என ஆய்வாளர் கணித்துள்ளனர். வாழ்வுக்கும் வீழ்ச்சிக்கும் இடையிலுள்ள தொலைவு அத்துணைக் குறுகியது.

அவ்வாறாயின் இரைகொல்லிகளை ஒழித்தால் போதுமா? நிலத்தின் வடிவத்தை நோக்கினால் விடை வேறாகிறது. பரந்த புல்வெளியில் கூடுகள் சிதறிக் கிடக்கும். நரி எங்கெங்கோ தேடவேண்டும். புல்வெளியை உழுது, வரப்போரத்தில் ஒரு கீற்றுப் புல்லை மட்டும் விட்டுவைத்தால், பேடைகள் யாவும் அக்கீற்றில் கூடும். நரியும் அதன் வழியே நடந்து செல்லும். நரியின் எண்ணிக்கை மாறாதிருக்கவே கூடுகளின் அழிவு பெருகிவிடுகிறது.

மேலும், இரைகொல்லிகள் ஒன்றையொன்று தடுப்பதுமுண்டு. ஓநாயினும் சிறியதும் நரியினும் பெரியதுமான கொயோட்டி தன் எல்லைக்குள் செந்நரியை விடுவதில்லை. கொயோட்டி ஒரு பெரும்பரப்பில் அலைவதால் அதன் வழியில் அகப்படும் கூடுகள் குறைவு. வடக்கு, தெற்கு டகோட்டா மாநிலங்களில் நிகழ்ந்து 1995இல் வெளிவந்த ஆய்வொன்றில், செந்நரி மிகுந்த இடங்களில் 17 விழுக்காட்டுக் கூடுகளும், கொயோட்டி மிகுந்த இடங்களில் 32 விழுக்காட்டுக் கூடுகளும் பொரித்தன. கொயோட்டியைக் கொன்று வாத்தைக் காக்க முனைவோர் நரிக்கே வழிவிடுகின்றனர்.

நீரின் மேல் நாணலிடையே கூடு கட்டும் வாத்துகளும் உள. அவற்றிற்கு நீரே அகழி. வறட்சியில் நீர் வற்றினால் அகழி தூர்ந்த கோட்டைபோல் கூடு திறந்துவிடும். ரக்கூன் நடந்தே வந்துசேரும். புல்லிடைப் பொரித்த குஞ்சுகளையோ தாய் ஒரு நாளுக்குள் குட்டைக்கு அழைத்துச் செல்லும். அருகிலுள்ள குட்டை வற்றியிருந்தால் அந்நடை நீளும். நடை நீளுமளவு குஞ்சுகள் குறையும். நீரும் புல்லும் இரைகொல்லியும் தனித்தனிப் பாடங்களாகா. ஒன்றைத் தொட்டால் மற்றவை அசையும்.

நம் மலேசிய, சிங்கப்பூர் ஈரநிலங்களில் வாழும் சீழ்க்கைச் சிறகியும் இவ்வுண்மைக்கு விலக்கன்று. அது நீரில் உணவு தேடினும், மரப்பொந்திலோ தரைப்புதரிலோ முட்டையிடுகிறது. குளத்தைக் காத்து, கரையிலுள்ள பழமரத்தையும் புதரையும் அகற்றித் துப்புரவாக்கினால், நீர் எஞ்சும். சிறகியின் குஞ்சு எஞ்சாது. கரையையும் சேர்த்தே 'நீர்ப்பறவை' என்னும் சொல்லுக்கு நாம் பொருள் கொள்ளவேண்டும்.