மடங்கும் கூரையின் உட்துணி

கூரையை மடித்துப் பின்புறம் ஒதுக்கிவிட்டுத் திறந்த ஆகாயத்தின் கீழே பிரயாணம் செய்யும்படி அமைந்த கன்வர்ட்டிபிள் கார்களைப் பற்றிப் பேசுகிறவர்கள், வெளியே தெரியும் துணிக்கூரையின் நிறத்தையும் அது மடங்கும் லாவகத்தையும் வியந்து பேசுவார்களே தவிர, அதன் உட்புறத்தில், உட்கார்ந்திருப்பவரின் தலைக்குச் சில அங்குல உயரத்தில், கூரையைக் குறுக்காகத் தாங்கும் வளைந்த இரும்புச் சட்டங்களான வில்களையும் மூட்டுகளையும் மறைத்து நிற்கும் லைனிங் துணியைப் பற்றி, அது தொய்ந்து தலையில் உரசும் நாள் வரையில் பெரும்பாலும் நினைப்பதில்லை.

எல்லாக் கன்வர்ட்டிபிள்களுக்கும் இந்த லைனிங் உண்டென்பதில்லை. விலை குறைந்த பல வண்டிகளில் ஒற்றைத் துணியும் வெறும் வில்களுமே காணப்படும். குளிர்தேசத்தில் வருஷம் முழுவதும் ஓட்டுவதற்கென்று செய்யப்பட்ட வண்டிகளில்தான் அது விசேஷமான ஸ்தானம் பெற்றது. ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் நகரத்துக் கார்மன் தொழிற்சாலையில் 1949 முதல் 1980 வரை 3 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உருவான வோல்க்ஸ்வாகன் பீட்டில் கன்வர்ட்டிபிளில், வெளித்துணிக்கும் உட்துணிக்கும் நடுவே தடித்த மெத்தை ஒன்றை வைத்துக் குளிரையும் காற்றின் இரைச்சலையும் தடுத்தார்கள். மடித்த கூரை பின் இருக்கைக்கு அப்பால் அத்தனை உயரமாக எழுந்து நிற்பதற்கு அந்தக் கனமே காரணம். பின்லாந்தின் ஊசிகாவுபுங்கி நகரில் 1986-இல் உற்பத்தி தொடங்கிய சாப் 900 கன்வர்ட்டிபிளும், பனிக்காலத்தை மனத்தில் கொண்டு இவ்வாறே பல அடுக்குக் கூரையுடன் செய்யப்பட்டது.

சாதாரணக் காரின் லைனிங்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அறியாமல் பழுது பார்க்கப் புகுவதே அநேக சங்கடங்களுக்கு மூலகாரணம். நிலையான கூரையுடைய தற்காலக் கார்களில் துணி ஒரு கெட்டியான அட்டைப்பலகையின் மேல் ஒட்டப்பட்டிருக்கும். பலகையை வெளியே எடுத்து, பழையதைச் சுரண்டிவிட்டுப் புதிய துணியை ஒட்டி மறுபடியும் பொருத்திவிடலாம். மடங்கும் கூரையிலோ அப்படிப்பட்ட ஆதாரம் கிடையாது. முன்கண்ணாடிக்கு மேலுள்ள பகுதி மட்டும் சில வண்டிகளில் கெட்டியாக இருக்கும். மற்ற இடமெல்லாம், துணியின் மேற்புறத்தில் குறுக்காகத் தைத்த பட்டைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வில்லோடு பிணைக்கப்பட, அந்தப் பட்டைகளைப் பற்றிக்கொண்டே துணி நிற்கிறது. வில்கள் ஒன்றையொன்று நெருங்கும்போது துணி தளர்ந்து மடிய வேண்டும். விரியும்போது இழுபட்டு விறைக்க வேண்டும். ஓரங்களில் எலாஸ்டிக் நாடாக்களை வைப்பதும், மடங்குகையில் துணி கீல்களுக்கு நடுவே அகப்பட்டுக் கிழியாமல் உள்நோக்கி இழுத்துக்கொள்வதற்காகவே.

ஆகையால் லைனிங் தொங்குகிறதென்றால், எது விட்டுப்போயிற்று என்று முதலில் கண்டறிய வேண்டும். ஒரு வில்லின் நேர்கோட்டிலேயே குறுக்காகத் துணி இறங்கியிருந்தால், பட்டையின் தையலோ ஆணியோ விட்டிருக்கிறது. ஊசியும் நூலும் சிறிது பொறுமையும் இருந்தால் சீர்செய்துவிடலாம். பின்கண்ணாடியின் ஓரத்திலோ கதவுகளுக்கு மேலோ மாத்திரம் தளர்ந்திருந்தால், நாடாவின் நெகிழ்ச்சி போயிருக்கும். நாடாவை மாற்றினால் போதும். வில்லுக்கும் வில்லுக்கும் இடையே கொப்புளம் போல் துணி பிரிந்து, கையால் அழுத்தியதும் மஞ்சள் தூள் உதிர்ந்தால், அதுதான் கஷ்டமான வியாதி. துணியின் முதுகில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சு செத்துவிட்டதென்று அர்த்தம்.

லெவர்குசன் நகரில் ஓட்டோ பாயர் குழுவினர் 1937-இல் கண்டுபிடித்த பாலியூரித்தேன் என்ற வஸ்துவிலிருந்து பிற்காலத்தில் செய்யப்பட்டதே இந்தப் பஞ்சு. இலேசாகவும் மிருதுவாகவும் இருப்பதனால் கார் செய்வோர் இதை மிக விரும்பினார்கள்; ஆயினும் வெயிலில் மூடிக் கிடக்கும் வண்டியின் உஷ்ணமும், காற்றின் ஈரமும், பிராணவாயுவும் சேர்ந்து அதன் அணுக்கோவைகளை வருஷக்கணக்கில் அறுத்துக்கொண்டே வருவதால், ஒரு நாள் அது பிசுபிசுத்தோ பொடியாகவோ போய்விடுகிறது. பிடிமானம் இல்லாத தூளின் மேல் எவ்வளவு உயர்ந்த பசையைத் தெளித்தாலும் அது தூளோடு தூளாக மறுபடியும் உதிரத்தான் செய்யும்.

அவசரத்துக்கென்று சிலர் கையாளும் இரண்டு உபாயங்களை நான் வன்மையாக ஆட்சேபிக்கிறேன். நிலையான கூரையின் அட்டையில் திருகும் சிறு ஊசிகளை இங்கே குத்தினால், முனை வெளித்துணி வரை எட்டித் துளையிட்டு மழைநீரை உள்ளே கொண்டுவந்துவிடும். துணிக்குப் பின்னால் பசையைப் பீய்ச்சி மேல் அடுக்கோடு ஒட்டிவிடுவது அதைவிடக் கெடுதல்: இரண்டு அடுக்குகளும் தனித்தனியே நகர வேண்டியவை, ஒட்டிப்போனால் கூரை மடியும்போது இரண்டில் ஒன்று கிழியும், பசையின் கறையும் முகப்பில் ஊறித் தெரியும்.

முறையான வேலை, பழைய லைனிங்கை முழுவதும் கழற்றுவதில் ஆரம்பமாகிறது. கூரையைப் பாதி உயர்த்தி இழுவிசையைத் தளர்த்திக்கொண்டு, முன்சட்டத்தின் ஓரப்பட்டிகளையும் வில்களின் பிணைப்புகளையும் ஒவ்வொன்றாக விடுவித்து, எடுத்த துணியைத் தையல் பிரித்துப் புதிய துணிக்கு அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். பழைய துணி நீண்டு போயிருக்கும் என்பதால், அளவுகளை வில்களின் இடைவெளியோடும் ஒப்பிட்டுப் பார்க்கிற சீட் தொழிலாளியே காரியம் தெரிந்தவர். வில்களின் நடுவையும் துணியின் நடுவையும் சாக்கட்டியால் குறித்து, நடுவிலிருந்து இரு பக்கமாகவும் பட்டைகளைப் பொருத்திக்கொண்டு போகவேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் எப்பேர்ப்பட்ட சாமர்த்தியசாலிக்கும் சுருக்கம் கோணலாகவே விழும். முன்கண்ணாடிக்கு மேலே கெட்டியான பகுதி இருந்தால், அதற்கு மட்டும் உஷ்ணத்தைத் தாங்கும் ரப்பர் சொல்யூஷனை இரு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வந்தபின் அமர்த்த வேண்டும். கடைசியாக ஓரங்களை நிலையாகப் பிணைக்குமுன், கூரையைச் சில தடவை மெதுவாக மடித்து விரித்து, துணி எங்கும் கீல்களில் அகப்படாமல் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

பிறகு சில நாட்கள் கூரையை மூடியே வைத்தால் துணி தன் இழுவிசையில் படிந்து, சிறு சுருக்கங்கள் தாமே மறையும். மறையாதவற்றுக்குத் துணியைத் தொடாமல் சற்று எட்டியிருந்து காட்டும் நீராவி உதவும். நனைந்த கூரையை மடித்து வைத்தால் உட்புறம் பூஞ்சை படர்ந்து தையல் நூல் இற்றுப்போகுமாகையால், மழையில் ஓட்டிவந்த வண்டியை நிழலில், கூரையை விரித்தபடியே, முழுவதும் உலரும் வரையில் நிறுத்தி வைக்க வேண்டும்.