தாய்வீடு

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலும் கூறைச்சேலை, தாலிக்கொடி, மாலை என ஒரு திருமணத்துக்கு வேண்டியவற்றை ஒரே நாளில் வாங்கிவிடலாம். பெற்றோரை இழந்து இல்லத்தில் வளர்ந்த பெண்ணுக்கோ கடையில் கிடைக்காத தேவைகள் உண்டு. மணவறையில் தாரை வார்க்கக் கைகள் வேண்டும். தலைத்தீபாவளிக்குப் போக ஒரு வீடு வேண்டும்.

இந்தத் தேவையைச் சட்டமும் ஓரளவு உணர்ந்திருக்கிறது. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாரின் திருமணத்துக்கான 1976ஆம் ஆண்டுச் சட்டம், 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி, 21 வயது நிரம்பாதவர் மணம்புரியத் தந்தையின் எழுத்துவழி ஒப்புதல் தேவை; தந்தை இறந்திருந்தால் தாயின் ஒப்புதல். இருவரும் இல்லையெனில், பெற்றோர் நிலையில் இருப்பவர் ஒப்புதல் தரலாம். ஒப்புதல் தர எவருமே இல்லாதபோது நீதிமன்றத்தை நாடலாம்.

கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. திருமணம் சட்டப்படி பதிவாக வேண்டும். அதற்கு முன்னர், திருமண அறிவிப்பு 21 நாள்களுக்குப் பதிவு அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்படும். மணமகனைப் பற்றி விசாரிக்கத் தந்தையோ அண்ணனோ இல்லாத பெண்ணுக்கு இந்த இடைவெளி நல்ல காப்பு. இல்லத்துப் பெரியவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

பெற்றோர் நிலையில் இருப்பது என்றால் என்ன? பூச்சோங் சாலையிலுள்ள சுத்த சமாஜத்தைச் சான்றாகக் கூறலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுவாமி சத்தியானந்தர் அதைத் தொடங்கினார். உடன் உழைத்தவர், 1926இல் சிங்கப்பூரில் பிறந்த மங்களம் அம்மையார். சுவாமிகள் 1961இல் மறைந்தபின் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது. 2023இல் தம் 97ஆம் வயதில் மறையும்வரை, அங்கு வளர்ந்த பிள்ளைகளுக்கு அவரே அன்னை. ஓர் இல்லத்தில் பல பத்தாண்டுகள் ஒரே முகம் இருப்பது எளிதன்று. மணமாகிச் சென்ற பெண் திரும்பி வரும்போது, அவளைப் பெயர் சொல்லி அழைக்க ஒருவர் இருக்க வேண்டுமே!

தமிழ்நாட்டில் அரசே இதில் பங்கேற்கிறது. அன்னை தெரசா பெயரில் அமைந்த திருமண உதவித் திட்டத்தின்கீழ், ஆதரவற்ற பெண்களுக்குத் தாலிக்கு 8 கிராம் தங்கமும் 25,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. பட்டம் அல்லது பட்டயம் பெற்றவருக்கு 50,000 ரூபாய். படித்தவளுக்குக் கூடுதல் தொகை என்பது பாராட்டத்தக்க ஏற்பாடு. ஆயினும், அந்த உதவி திருமணத்தோடு நின்றுவிடுகிறது.

அதற்குப் பின்னர்தான் வாழ்க்கை தொடங்குகிறது. குடும்பத்தில் மனத்தாங்கல் வந்தால், “அம்மா வீட்டுக்குப் போய்வருகிறேன்” என்று மற்றப் பெண்கள் சொல்வார்கள். அப்படிச் சொல்ல இடமில்லாதவள் எதையும் பொறுத்துக்கொள்வாள் என்று பிறர் எண்ணிவிடக்கூடும். குடும்ப வன்முறைக்கு எதிராக 1994ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 15999 என்ற தாலியான் காசே எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். ஆனால், வளைகாப்புக்கு முதல் வளையல் கொண்டுவருவது சட்டத்தின் வேலையன்று. அது வளர்த்த இல்லத்தின் வேலை. பிறகு, பிள்ளைக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். இல்லத்தில் அவளோடு ஒரே தட்டில் உண்டு வளர்ந்த பையன் ஒருவன் அங்கே உட்காரலாம்.