டபுள் இன்டெம்னிட்டி: ஷரத்தில் ஒளிந்திருந்த கொலை

பில்லி வைல்டர் இயக்கி 1944-இல் வெளிவந்த ‘டபுள் இன்டெம்னிட்டி’, கொலையாளி யார் என்பதைக் கடைசிவரை மறைத்து வைக்கும் படமல்ல. முதல் சில நிமிடங்களிலேயே, லாஸ் ஏஞ்சலஸின் இன்சூரன்ஸ் ஏஜென்ட் வால்டர் நெஃப் தோளில் குண்டுக் காயத்தோடு அலுவலகத்துக்கு வந்து, ஒலிப்பதிவுக் கருவியின் முன் உட்கார்ந்து குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். பணத்துக்கும் பெண்ணுக்கும் ஆசைப்பட்டுக் கொன்று, இரண்டையும் இழந்தவன்.

குறிப்பிட்ட வகை விபத்தில் இறந்தால் இரட்டிப்புத் தொகை என்ற பாலிசி ஷரத்துதான் படத்தின் பெயர். அதற்காகவே நெஃபும் அவன் ஆசைப்பட்ட ஃபிலிஸும் அவள் கணவனைக் கொன்று, ரயிலிலிருந்து விழுந்து செத்ததாக நாடகமாடுகிறார்கள். 1927-இல் நியூயார்க்கில் ரூத் ஸ்னைடர் காதலனோடு சேர்ந்து கணவனைக் கொன்ற வழக்கு, மூலக்கதை எழுதிய ஜேம்ஸ் எம். கெய்னுக்கு வித்தானது. ஹாலிவுட்டின் தணிக்கை அலுவலகம் எதிர்த்ததால் கதை பல ஆண்டுகள் படமாகாமல் கிடந்தது. பிறகு வைல்டரும் ரேமண்ட் சாண்ட்லரும், ஓயாத பூசலுக்கு நடுவே, திரைக்கதை எழுதினார்கள்.

நெஃபும் ஃபிலிஸும் உடலைத் தண்டவாளத்தில் போட்டுவிட்டுக் காரில் ஏறுகிறார்கள். கார் கிளம்ப மறுக்கிறது. இவர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று பார்ப்பவர் மனம் பதறுகிறது. கொலைகாரர் பக்கம் நம்மைச் சாய்த்துவிடும் இந்தச் சில விநாடிகளே படத்தின் உச்சம். ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ், ஜன்னல் திரைப்பட்டைகளின் நிழலைக் கோடுகோடாக ஆட்கள் மேல் விழவைத்தார்.

உண்மையான பாசம் நெஃபுக்கும், மோசடியை மோப்பம் பிடிக்கும் கிளெய்ம் அதிகாரி கீஸுக்கும் இடையில்தான். கீஸிடம் தீக்குச்சி இருந்ததே இல்லை. நெஃப் நகத்தால் உரசி அவருடைய சுருட்டைப் பற்றவைப்பான். இறுதியில் குற்றுயிராகக் கிடப்பவனுக்குக் கீஸ் குச்சி உரசுகிறார். இதற்குப் பின் வரவேண்டிய மரணதண்டனைக் காட்சியை, செலவழித்து எடுத்தும், வைல்டர் நீக்கினார். சரியான முடிவு.

அன்றைய விமர்சனங்கள் ஒரே குரலில் இல்லை. நியூயார்க் டைம்ஸின் பாஸ்லி கிரௌதர் ஓட்டமில்லை, நீளம் என்று குறைப்பட்டார். ஆனால் அதன் யதார்த்தம் பழைய பிரெஞ்சுப் படங்களை நினைவூட்டுகிறது என்றும் எழுதினார். பாடகி கேட் ஸ்மித், பார்க்கவே வேண்டாம் என்று பிரசாரம் செய்தார். 7 ஆஸ்கர் பரிந்துரைகளில் ஒன்றுகூட விருதாகவில்லை. கீஸாக நடித்த எட்வர்ட் ஜி. ராபின்சனுக்குப் பரிந்துரையே இல்லை. அது பெரும் அநியாயம்.

போர் முடிந்து அமெரிக்கப் படங்கள் மொத்தமாகப் பாரீஸ் வந்தபோது, 1946-இல் விமர்சகர் நீனோ ஃப்ராங்க் இதையும் இதன் கூட்டாளிகளையும் ‘ஃபிலிம் நுவார்’, அதாவது கறுப்புப் படம், என்று அழைத்தார். அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 1992-இல் இது சேர்ந்தது.