அடுத்த வீட்டு ஜிம்மி ஏன் தூங்குவதில்லை?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறுவதற்குள் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். ஊட்டியில் மார்கழி, தை மாதங்களில் ராத்திரி முழுக்கக் குரைக்கிற நாயைப் பற்றி அக்கம்பக்கத்தில் எழுகிற புகார் சத்தத்தைப் பற்றியது. அந்த நாய்க்கும் ஒரு புகார் உண்டு. அது குளிரைப் பற்றியது. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதால்தான் சண்டை வளர்கிறது. குளிரைக் கவனித்தால் சத்தத்தில் பெரும்பகுதி தானே குறையும்.

முதலில் குளிரைப் புரிந்துகொள்வோம். நீலகிரியில் மழை ஓய ஓய நீர்ப்பனி விழ ஆரம்பிக்கும், பிறகு அதுவே உறைபனியாகும். தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்குவதும் உண்டு. மேகம் மூடிய ராத்திரியைவிட, நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிற ராத்திரிதான் கொடியது. பகலில் வாங்கிய வெப்பத்தையெல்லாம் தரை வானத்தை நோக்கி விட்டுவிடும், தடுக்க மேகம் இருக்காது. குளிர்ந்த காற்று கனமானது, சரிந்து வந்து பள்ளத்தில் தேங்கும். விடியும் நேரத்தில்தான் குளிர் உச்சத்துக்குப் போகும். மேலே கூரையில்லாமல் சிமென்ட் தரையில் கட்டிக் கிடக்கிற நாய், மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் வெப்பத்தை இழக்கிறது.

நாயின் உடல் வெப்பம் நம்முடையதைவிடக் கூடுதல், 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அதைக் காப்பது ரோமம்தான். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு உள்ளே மெத்தென்று ஓர் அடுக்கும் வெளியே நீளமாக ஓர் அடுக்கும் உண்டு. சிப்பிப்பாறை, கன்னி போன்றவை தென்மாவட்ட வெயிலில் வேட்டைக்கென்று வளர்ந்தவை, மெலிந்த உடம்பு, ஒட்டிய ரோமம். அவற்றை மலைக்குக் கொண்டுவந்து முற்றத்தில் கட்டினால் தாங்காது. குட்டிக்கும் கிழட்டு நாய்க்கும் எந்த இனமானாலும் இதே கதிதான். ‘வெளிநாட்டில் பனிக்கட்டியிலேயே நாய் படுத்துக்கிடக்கிறதே’ என்பார்கள். அந்த நாய் வேறு, இந்த நாய் வேறு.

அடுத்தது, குரைப்பைப் பிரித்துக் கேட்பது. ஒரு வாரம் தலைமாட்டில் நோட்டும் பேனாவும் வைத்து, எப்போது குரைக்கிறது, எப்படிக் குரைக்கிறது என்று குறித்து வையுங்கள். வீட்டுக்காரர்கள் விளக்கணைத்துக் கதவைச் சாத்திய கையோடு ஆரம்பித்து, ஒரே சுருதியில் விட்டுவிட்டுக் குரைத்தால் அது தனிமை. நள்ளிரவு தாண்டி முனகலும் ஊளையுமாக, விடியும்வரை நீண்டால் குளிரைச் சந்தேகிக்கலாம். பகலில் பார்க்கும்போது கால்களை மாற்றி மாற்றித் தூக்கினால், நடுங்கினால், மூக்கை வாலுக்குள் புதைத்துச் சுருண்டே கிடந்தால் சந்தேகம் உறுதி. திடீரென்று ஆவேசமாக வெடித்து, ஒரே திசையைப் பார்த்து நின்றால் வேலிப்பக்கம் காட்டெருமையோ கரடியோ வந்திருக்கும். நாம் ஜன்னலைத் திறந்து ‘ஏய், சும்மா இரு!’ என்று கத்துவது எதற்கும் மருந்தாகாது. தனியாகக் கிடக்கிற நாய்க்கு அதுவும் ஒரு பேச்சுத்துணைதான்.

நோட்டில் விஷயம் சேர்ந்த பிறகு நாய் வளர்ப்பவரிடம் பேசப் போங்கள். தூக்கம் கெட்ட கோபத்தோடு காலை ஆறு மணிக்குப் போகவேண்டாம். சாயங்காலம், அவர் வாசலில் நிற்கிற நேரமாகப் பார்த்துப் போய், நாயிலிருந்து ஆரம்பியுங்கள். “அண்ணா, ஜிம்மிக்கு ராத்திரியில குளிர் தாங்கல போலிருக்கே. மூணு மணிக்கு மேல முனகிக்கிட்டே இருக்கு” என்றால் அவர் காது கொடுப்பார். “உங்க நாயால தூக்கம் போச்சு” என்று தொடங்கினால் அவருக்குப் பதில் சொல்லத்தான் தோன்றும்.

“காவலுக்குத்தான் வெளியில கட்டியிருக்கேன்” என்று அவர் சொல்லலாம். கேரட் தோட்டத்தில் காட்டுப்பன்றி இறங்குகிற ஊரில் அது நியாயமான பேச்சு, மறுக்காதீர்கள். ஆனால் ராத்திரி முழுக்கக் குரைக்கிற நாய் எதற்குக் குரைக்கிறதென்று வளர்த்தவருக்கே தெரியாது. யாரும் எழுந்து பார்க்கமாட்டார்கள். அப்புறம் காவல் எங்கே? இன்னொன்றும் சொல்லலாம். சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை. குன்னூரிலும் கோத்தகிரியிலும் வீட்டு வாசல் வரை சிறுத்தை வந்துபோவது கேமராக்களில் பதிவாகியிருக்கிறது. சங்கிலியில் இருக்கிற நாயால் ஓடக்கூட முடியாது. ராத்திரி மட்டும் சமையலறை மூலையிலோ கதவு போட்ட விறகுக் கொட்டகையிலோ படுக்கவைத்தால் குளிர், சிறுத்தை, சத்தம் மூன்றுக்கும் சேர்த்து வழி கிடைக்கும்.

உள்ளே விட மனமில்லை என்றால் பெட்டிதான். அதிலும் சில நுட்பங்கள் உண்டு. பெரிய கூண்டு நல்லதென்று நினைப்போம், குளிருக்கு அது தப்பு. நாய் எழுந்து நின்று திரும்பிப் படுக்கிற அளவு போதும். அதன் உடம்புச் சூடுதான் உள்ளே அடுப்பு. தகரம் வேண்டாம், பலகை நல்லது. தரையில் படாமல் செங்கல் மேல் தூக்கி வைக்கவேண்டும். வாசல் காற்று வராத பக்கம் பார்க்கட்டும், மேலே ஒரு சாக்குத் திரை தொங்கட்டும். படுக்கைக்குப் பழைய கம்பளியைவிட வைக்கோல் மேல். துணி ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், வைக்கோல் நடுவில் காற்றைப் பிடித்துச் சூட்டைக் காக்கும். ஈரமானால் மாற்றவேண்டும். சாயங்காலம் அரைமணி நடையும் ராத்திரிச் சாப்பாட்டில் கொஞ்சம் கூடுதலும் சேர்ந்தால் தூக்கம் தானே வரும். பலகை வாங்க நீங்களும் பாதிக் காசு போடலாம். பல ராத்திரித் தூக்கத்துக்கு அது மலிவான விலை.

இத்தனைக்கும் மசியாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்குத்தான் சட்டம். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, போதிய உணவும் தண்ணீரும் தங்குமிடமும் தராததைக் குற்றமாக்குகிறது. நியாயமற்ற நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பதும், எப்போதும் கட்டியே கிடக்கிற நாயை நடக்கவிடாமல் வைப்பதும் அதே பிரிவில் வருகின்றன. இந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை, அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதன் பேரில் திரும்பப் பெற்றார். ஆனால் முதல் குற்றத்துக்குச் சட்டம் வைத்த அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். அபராதத்துக்குப் பயந்து யாரும் மாறமாட்டார்கள். அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரிப்பதற்குப் பயப்படுவார்கள். பிராணிவதைத் தடுப்புச் சங்கத்துக்கோ காவல் நிலையத்துக்கோ போகும்போது அந்த நோட்டும், உங்கள் வீட்டிலிருந்து எடுத்த படமும் கையில் இருக்கட்டும். சத்தத்துக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தனியாக உண்டு. குடியிருப்புப் பகுதியில் ராத்திரி 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு.

ஒன்றை மட்டும் கோபத்தில்கூட நினைக்காதீர்கள். பிஸ்கட்டில் விஷம் வைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். ராத்திரியோடு ராத்திரியாகச் சங்கிலியை அவிழ்த்துவிடுவதும் உதவியாகாது. ரோட்டில் வண்டியும் காட்டில் சிறுத்தையும் இருக்கின்றன.

பெட்டி வந்த மறுநாளே அமைதி வராது. வெளியில் படுத்துப் பழகிய நாய் சில நாள் அங்கேயே படுக்கும். உள்ளே தீனி வைத்துப் பழக்கவேண்டும். அதற்குப் பிறகும் எப்போதாவது குரைக்கும், குரைக்கவும் வேண்டும். அப்போது திட்டாமல் விளக்கைப் போட்டு வேலிப்பக்கம் பாருங்கள். காரணமில்லாமல் குரைப்பதை அது விட்டிருக்கும்.