கரண்டி யார் கையில்?
நீதிபதி விலகல் எப்படி இயங்குகிறது

ஆம்பூர்க் கல்யாண வீட்டில் பிரியாணி தேக்சா அடுப்பில் ஏறிவிட்டது. சீரக சம்பா அரிசியைக் கொட்டும் முன், சமைக்கும் பண்டாரி மசாலாவை ஒரு கரண்டி மொண்டு பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டுகிறார்: "பாய், உப்புப் பாருங்க." அவர் ஒரு வார்த்தை சொன்னால் முந்நூறு பேர் சாப்பாடு அதன்படிதான் அமையும். நீதிமன்றத்தில் அந்தக் கரண்டி நீதிபதியின் கையில் இருக்கிறது. அதை யார் வாங்கலாம், யார் வாங்கக் கூடாது? வாங்கக் கூடாத நீதிபதி வழக்கிலிருந்து ஒதுங்கிக்கொள்வதுதான் விலகல்.

1. கறி விற்றவர் வாங்கக் கூடாது

கறிக்கடைக்காரரிடம் கேட்டால் "அருமை" என்றுதான் சொல்வார். பொய் சொல்கிறார் என்று இல்லை. அவர் பணம் தேக்சாவுக்குள் கிடக்கிறது. தான் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் வழக்கை நீதிபதி, அதை வெளியே சொல்லி யாரும் ஆட்சேபிக்காதபோது மட்டுமே விசாரிக்கலாம் என்று நம் உச்ச நீதிமன்றம் 1997-இல் வகுத்த நடத்தை நெறிகள் சொல்கின்றன.

அமெரிக்காவில் இது இன்னும் சிக்கல். அங்கே பல மாநிலங்களில் நீதிபதிகளும் தேர்தலில் நிற்கிறார்கள். மேற்கு வர்ஜீனியாவில் 5 கோடி டாலர் இழப்பீடு தரச் சொல்லித் தனக்கு எதிராகத் தீர்ப்பு வந்த நிலக்கரி நிறுவனம் ஒன்றின் தலைவர், 2004 தேர்தலில் ஒரு வேட்பாளருக்காகச் சுமார் 30 லட்சம் டாலர் இறைத்தார். வென்றவர் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டைக் கேட்க உட்கார்ந்தார். நிறுவனம் ஒரு வாக்கில் தப்பியது. அவர் விலகியிருக்க வேண்டும் என்று 2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் சொன்னது.

நம் பாலாற்றங்கரையிலும் இதே கணக்குத்தான். டேனரிக் கழிவு குறித்த 1996 தீர்ப்பில், நேர்ந்த சேதத்தை மதிப்பிட ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஆணையம் அமைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். கழிவை விட்டவர் கைக்கு அளவுகோல் போகவில்லை.

2. சமைத்தவரும் வாங்கக் கூடாது

தன் சமையலுக்குத் தானே சான்று சொல்ல முடியாது; இது நீதிபதிக்கு மட்டுமான விதியும் இல்லை. ஜம்மு-காஷ்மீரில் வனத்துறைப் பணிக்கு ஆள் எடுத்த குழுவில், அதே பணிக்குப் போட்டியில் இருந்த ஒருவரே உறுப்பினராக இருந்தார். தன் பெயர் வந்தபோது எழுந்து வெளியே போனார். போட்டியாளர்களின் பெயர் வந்தபோது உள்ளேதான் இருந்தார். 1969-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வை ரத்து செய்தது. அவர் நிஜமாகவே சாய்ந்தாரா என்று நிரூபிக்கத் தேவையில்லை. சாய நியாயமான வாய்ப்பு இருந்ததே போதும்.

3. அடிப்பிடித்த வாசனை வந்தால்?

இங்கேதான் வேலூர் வருகிறது. தமிழ்நாட்டின் 1996-2001 தி.மு.க. ஆட்சியில் அமைச்சராக இருந்தபோது வருமானத்துக்கு மீறிச் சொத்துச் சேர்த்ததாக க. பொன்முடி மீது இருந்த வழக்கு, 2022-இல் விழுப்புரத்திலிருந்து வேலூருக்கு நிர்வாக உத்தரவில் மாற்றப்பட்டது. 172 சாட்சிகள், 381 ஆவணங்கள். எழுத்துபூர்வ வாதம் தாக்கலாகி சில நாட்களிலேயே, 2023 ஜூன் 28 அன்று, 226 பக்கத் தீர்ப்பில் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரும் விடுதலை. இரண்டு நாளில் நீதிபதி ஓய்வு பெற்றார்.

சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஆகஸ்டில் இதைத் தாமாகவே மறுஆய்வுக்கு எடுத்தார். கடுமையான சொற்களில் உத்தரவும் எழுதினார். "முன்கூட்டியே முடிவு செய்துவிட்டவர் விசாரிக்கலாமா? விலக வேண்டும்" என்றது பொன்முடி தரப்பு. செப்டம்பரில் நீதிபதி விலக மறுத்தார். நவம்பரில் உச்ச நீதிமன்றமும் குறுக்கிடவில்லை; விசாரணையை நிர்வாக உத்தரவில் ஊர் மாற்றியதையே அது கேள்வி கேட்டது.

அடிப்பிடித்த வாசனை வருகிறது என்று சொல்பவரை "உனக்கு இந்தத் தேக்சா மேல் பகை" என்று தள்ளினால், எந்த மூடியும் திறக்காது. ஆனால் திறக்கச் சொன்னவர், கரண்டியை அடிவரை விட்டுப் பார்க்கும் முன் "கருகிவிட்டது" என்று பந்தியில் அறிவித்தால் அதுவும் தப்பு. சந்தேகம் வந்ததால் ஒருவர் ஒருதலைப்பட்சமானவர் ஆகிவிடுவதில்லை. எதிர்வாதம் கேட்ட பிறகும் மாறாத மனம்தான் ஆபத்து.

4. நாக்கைச் சோதிப்பவர் யார்?

விலகலுக்கு என்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. விலகுவதா, வேண்டாமா என்பதைப் பெரும்பாலும் அந்த நீதிபதியேதான் முடிவு செய்கிறார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் நடத்தை விதிகளை வெளியிட்ட பிறகும் அங்கே முடிவு அந்தந்த நீதிபதியின் கையில்தான். கேட்டவுடன் விலகுவது என்றால், பிடித்த நாக்கு கிடைக்கும்வரை வழக்காடுபவர்கள் ஆளை மாற்றிக்கொண்டே போவார்கள். விலகவே மாட்டேன் என்றால், கறிக்கடைக்காரரே உப்புப் பார்ப்பார்.

நம் நீதிமன்றங்களில் காரணம் எதுவும் சொல்லாமல் நீதிபதி விலகுவதும் உண்டு. ஆம்பூரில் அப்படிச் செய்தால் பண்டாரிக்கு மனசு வாடும், பந்தியில் குசுகுசுப்பு எழும். "வேற யார்கிட்டயாவது குடுங்க பாய், கறி என் மச்சான் கடைல வாங்கினது" என்று ஒரு வரி சொல்லிவிட்டால் கரண்டி அடுத்த கைக்குப் போகும். அடுப்பு வேலையும் நிற்காது.