டயப்பர் டேப் பிய்ந்துவிட்டதா? தூக்கி எறிய வேண்டாம்... இரண்டே நிமிடத்தில் சரிசெய்யலாம்!

இரவு பத்து மணிக்கு மேல் ஊரிலிருந்து போன் வந்தாலே மனசு பதறும். தர்மபுரி மாவட்டத்திலிருந்து பெங்களூரு, ஓசூர், கோவை, சென்னை என்று வேலைக்குப் போயிருக்கும் பலருக்கு, வீட்டில் படுக்கையில் இருக்கும் அப்பாவையோ பாட்டியையோ நினைத்துத்தான் அந்தப் பதற்றம். ஆனால், சில நாள்களில் விஷயம் மூச்சுத்திணறலாகவோ காய்ச்சலாகவோ இருக்காது. "நீ அனுப்புன டயப்பர் நிக்கவே மாட்டேங்குதுப்பா, ஒட்டுற டேப்பு பிஞ்சு வந்துடுச்சு. இன்னும் ரெண்டுதான் மிச்சம் இருக்கு" என்பார்கள்.

கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால், பெரியவர்களுக்கான டயப்பர் ஒன்று, பிராண்டையும் அளவையும் பொறுத்து சுமார் 30 முதல் 60 ரூபாய் ஆகிறது. சித்தேரி மலையிலோ வத்தல்மலையிலோ இருப்பவர்கள் அந்த நேரத்தில் கீழே இறங்கிவந்து வாங்கவும் முடியாது. டயப்பர் நழுவினால் வேட்டி, பாய், மெத்தை எல்லாம் நனையும். அதைவிட, "பெத்த புள்ளைங்களுக்கு இந்த வேலையெல்லாம் வெக்கிறேனே" என்று அந்தப் பெரியவர் கூசிப்போவார்.

நல்ல செய்தி என்னவென்றால், டேப் போனால் டயப்பரே போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஈரத்தை உறிஞ்சும் பகுதி நடுவில் பத்திரமாகத்தான் இருக்கிறது. பிடிமானம் மட்டும்தான் போயிருக்கிறது. அதை வீட்டிலேயே சரிசெய்யலாம்.

டேப் ஏன் பிய்கிறது?

பெரியவர்களுக்கான டயப்பர்களில் இரண்டு வகை டேப்கள் உண்டு. முதல் வகை, பசை டேப். டயப்பரின் முன்பக்கம், வயிற்றுப் பகுதியில் வழவழப்பான ஒரு பட்டை இருக்கும். டேப்பை அந்தப் பட்டையின் மேல்தான் ஒட்ட வேண்டும். பட்டையைத் தாண்டி ஒட்டிவிட்டு, பிறகு இழுத்தால் பிளாஸ்டிக்கும் சேர்ந்து கிழியும்.

இரண்டாவது வகை, கொக்கி டேப். காட்டுப் பாதையில் நடந்தால் நாயுருவி விதை வேட்டியில் ஒட்டிக்கொள்ளும் இல்லையா? அதே தத்துவம்தான். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால், தன் நாயின் ரோமத்தில் ஒட்டிய ஒரு முள்விதையைக் கவனித்ததிலிருந்து பிறந்ததுதான் வெல்க்ரோ. கொக்கி டேப் அதன் மெல்லிய வடிவம். துணி போன்ற மேற்பரப்பு உள்ள டயப்பர்களில் இது இருக்கும்.

பசை டேப்புக்கு எதிரிகள் பவுடர், எண்ணெய், க்ரீம், ஈரம். தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு டேப்பைப் பிடித்தால் பசை வேலை செய்யாது. கொக்கி டேப்புக்கு எதிரிகள் முடி, பஞ்சு, நூல். கொக்கிகளுக்குள் இவை அடைத்துக்கொண்டால் பிடிமானம் போய்விடும். இரண்டு வகைக்கும் பொதுவான எதிரி, பலமாக இழுப்பது.

சரிசெய்யும் முன் ஒரு கேள்வி

டயப்பர் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கிறதா?

ஆம் என்றால் மட்டும் சரிசெய்யுங்கள். சிறுநீரில் நனைந்து கனத்திருந்தால் அல்லது மலம் பட்டிருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். காசை மிச்சம் பிடிப்பதற்காக அதை ஒட்டி ஒட்டி ஓட்டினால், தோல் ஊறிப் புண்ணாகும். அந்தப் புண்ணுக்கு ஆகும் செலவு பத்து டயப்பர் விலையைவிட அதிகம். நடுப்பகுதி கிழிந்து உள்ளிருக்கும் பஞ்சோ, ஜெல் போன்ற துகள்களோ வெளியே வந்தாலும் அந்த டயப்பரை விட்டுவிடுங்கள்.

எப்படிச் சரிசெய்வது?

*1. டேப் இருக்கிறது, ஆனால் ஒட்டவில்லை:* கையை சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். ஒட்ட வேண்டிய இடத்தில் பவுடரோ எண்ணெயோ இருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள். கொக்கி டேப் என்றால், அதில் சிக்கிய நூலையும் முடியையும் பழைய டூத் பிரஷால் எடுத்துவிடுங்கள். பிறகு ஒட்டி, உள்ளங்கையால் பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடியுங்கள். பாதிப் பிரச்னை இதிலேயே முடிந்துவிடும்.

*2. டேப் முழுசாகப் பிய்ந்துவிட்டது:* மாற்று டேப் வேண்டும். பிளாஸ்டிக் மேற்பரப்பு என்றால், பார்சல் ஒட்டும் இரண்டு அங்குல பேக்கிங் டேப் போதும். துணி போன்ற மேற்பரப்பு என்றால், மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் துணி பிளாஸ்டர் நன்றாகப் பிடிக்கும். மைக்ரோபோர் எனப்படும் பேப்பர் டேப் மட்டும்தான் இருக்கிறதா? இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். தோலுக்கு அது மென்மையானது, ஆனால் இழுவை தாங்காது.

ஒரு விரல் நீளத்துக்கும் சற்று அதிகமாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பாதி பின்பக்க இறக்கையில், மறு பாதி முன்பக்கப் பட்டையில். முன்பக்க நுனியை மட்டும் லேசாக உள்ளே மடித்துவிட்டால், அடுத்த முறை பிரிக்க நகத்தால் சுரண்ட வேண்டியதில்லை.

*3. இறக்கையே கிழிந்துவிட்டது:* கிழிசலின் இரு ஓரங்களையும் சேர்த்து வைத்து, வெளிப்பக்கம் பேண்டேஜ் போடுவதுபோல முதலில் குறுக்கே ஒரு டேப் ஒட்டுங்கள். அதன் மேல் மாற்று டேப்பை ஒட்டுங்கள்.

*4. கையில் டேப்பே இல்லை:* பழைய பருத்தி வேட்டியை அகலமாகக் கிழித்து, டயப்பருக்கு மேலே கோவணம் மாதிரி கட்டிவிடலாம். முடிச்சு முதுகுப் பக்கமோ இடுப்பு எலும்பின் மேலோ வரக் கூடாது. வயிற்றின் முன்பக்கம், சற்றே ஓரமாக இருக்கட்டும். இறுக்கமில்லாத எலாஸ்டிக் வைத்த பருத்தி ஜட்டி, டவுசர்கூடப் போதும். காலையில் கடை திறக்கும்வரை தாங்கும்.

இவற்றைச் செய்யவே கூடாது

• ஊக்கு, ஸ்டேப்ளர் பின்: புரண்டு படுக்கும்போது திறந்து குத்தும். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் குத்தியதே தெரியாது.

• ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை: பஞ்சு, பருத்தித் துணியில் பட்டால் இது சூடாகும். தோலைச் சுட்டுவிடும்.

• தோலில் ஒட்டுவது: வயதானவர்களின் தோல் மெல்லியது. பேக்கிங் டேப்பைத் தோலில் ஒட்டி இழுத்தால் தோலும் உரிந்து வரும். டேப் டயப்பரில் மட்டும்தான் இருக்க வேண்டும்.

• இடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டுவது: சதையில் அழுத்தி, தடம் பதிந்து, புண்ணாகும். கட்டியபின் இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையவில்லை என்றால் தளர்த்துங்கள்.

ஒவ்வொரு முறையும் பிய்கிறதா? காரணம் வேறு!

அடிக்கடி பிய்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அளவைத்தான். இடுப்புச் சுற்றளவையும் புட்டத்தின் சுற்றளவையும் டெய்லர் டேப்பால் அளந்து, எது பெரியதோ அதைப் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். ஆன்லைனில் ஆர்டர் போடும்போது, "அம்மா ஒல்லிதானே" என்று கண்ணளவில் 'மீடியம்' போட்டுவிடுகிறோம். டேப் முன்பட்டையை எட்டவே இழுபறி என்றால் அது சின்ன சைஸ்.

அடுத்தது, மாட்டும் முறை. படுத்திருப்பவருக்கு அடியிலிருந்து டயப்பரைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, பாதி மடித்த டயப்பரை முதுகோரம் வைத்து, மறுபக்கம் திருப்பி விரித்துவிடுங்கள். பக்கத்துக்கு இரண்டு டேப் இருந்தால், முதலில் கீழ் டேப்பைச் சற்று மேல்நோக்கியும், பிறகு மேல் டேப்பைச் சற்று கீழ்நோக்கியும் ஒட்டுங்கள். தொடை இடுக்கில் இடைவெளி வராது, நழுவாது.

தர்மபுரிக்கென்று கூடுதலாக ஒரு காரணமும் இருக்கிறது. இங்கே பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் பல்லாண்டுகள் கிணற்று நீரையும் போர் தண்ணீரையும் குடித்த முதியவர்களில் சிலருக்கு முதுகும் மூட்டும் இறுகிப்போயிருக்கும். அவர்களால் இடுப்பைத் தூக்கிக் கொடுக்க முடியாது. அவசரப்படுத்தினால் அவர்களுக்கும் வலி, டேப்பும் பிய்யும். இரண்டு பேராகச் சேர்ந்து மாற்றுவது நல்லது.

ஒரே பாக்கெட்டில் பல டயப்பர்கள் இப்படி இருந்தால், தவறு உங்களுடையதாக இல்லாமலும் இருக்கலாம். போட்டோ எடுத்து, பில்லையும் பாக்கெட்டில் உள்ள பேட்ச் எண்ணையும் வைத்துக்கொண்டு கடையில் மாற்றித் தரக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் வாங்கும்போது வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டயப்பர்களுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது.

தண்ணீரைக் குறைக்கிறார்களா? கவனியுங்கள்

டயப்பர் நழுவும் பயத்தில் பெரியவர்கள் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். வெளியே சொல்லவும் மாட்டார்கள். இதனால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் வரும். எனவே போனில் "சாப்ட்டியாம்மா?" என்று கேட்பதோடு, "தண்ணி குடிச்சியா?" என்றும் கேளுங்கள்.

புட்டம், இடுப்பு எலும்புப் பகுதியில் தோல் சிவந்தோ கறுத்தோ, சூடாகவோ, தொட்டால் கெட்டியாகவோ இருக்கிறதா என்று தினமும் பார்க்கச் சொல்லுங்கள். விரலால் அழுத்தி எடுத்தும் நிறம் மாறவில்லை என்றால், அது படுக்கைப்புண்ணின் தொடக்கமாக இருக்கலாம். உடனே செவிலியரிடம் காட்ட வேண்டும்.

இதற்கு நகரத்துக்குத்தான் தூக்கிப்போக வேண்டும் என்றில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கான வலி நிவாரணப் பராமரிப்பும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ பெயரைப் பதிவுசெய்யுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104, முதியோர் உதவிக்கு 14567.

கழற்றிய பிறகு...

பயன்படுத்திய டயப்பரை முன்னிருந்து பின்னாக உள்பக்கம் சுருட்டி, அதன் டேப்பாலேயே ஒட்டி, பேப்பரில் சுற்றி, தனியாக வையுங்கள். வெறுமனே குப்பையில் போடக் கூடாது, பாதுகாப்பாகச் சுற்றித்தான் கொடுக்க வேண்டும் என்பது திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருக்கிறது. ஏரிக்கரையில் வீசுவதோ, கொல்லையில் எரிப்பதோ வேண்டாம். அதை வெறும் கையில் எடுக்கப்போவது உங்கள் ஊர்த் தூய்மைக் காவலர்தான்.

அடுத்த முறை ஊருக்கு டயப்பர் ஆர்டர் போடும்போது, ஒரு துணி பிளாஸ்டரும் ஒரு பேக்கிங் டேப்பும் சேர்த்து அனுப்புங்கள். கூடவே, பார்த்துக்கொள்பவருக்கு வீடியோ காலில் ஒருமுறை ஒட்டிக் காட்டுங்கள்.