மாற்றிய நேரத்தை டேபிளே எழுதட்டும்

மளிகைக் கடை நடத்தும் என் நண்பர், கடன் கணக்கை மைக்ரோசாஃப்ட் ஆக்செஸில் வைத்திருக்கிறார். கம்ப்யூட்டரைத் தொடுபவர்கள் மூன்று பேர். 800 ரூபாய் பாக்கி எப்போது 1,100 ஆனது என்று வாடிக்கையாளர் கேட்டால் பதில் இல்லை. 'மாற்றிய நாள்' என்று ஒரு காலம் இருந்தும் யாரும் அதை நிரப்புவதில்லை. வியாபார நேரத்தில் யார்தான் நிரப்புவார்கள்?

இதை டேட்டாபேஸிடமே விட்டுவிடலாம். ஆரக்கிள் போன்ற பெரிய டேட்டாபேஸ்களில் இதற்கு ட்ரிகர் என்று பெயர். ஆக்செஸ் 2010 முதல் டேட்டா மேக்ரோ என்ற பெயரில் இதே வசதி உண்டு.

டேபிளைத் திறந்து, மேலே டேபிள் டேபில் பிஃபோர் சேஞ்ச் என்பதைக் கிளிக் செய்யுங்கள். செட்ஃபீல்ட் ஆக்‌ஷனைத் தேர்ந்தெடுத்து, நேம் கட்டத்தில் காலத்தின் பெயரையும், வேல்யூ கட்டத்தில் நவ்() என்ற ஃபங்ஷனையும் ஆங்கிலத்தில் டைப் செய்து சேவ் செய்யுங்கள். அவ்வளவுதான். ஃபைல் ஏ.சி.சி.டி.பி. வகையாக இருக்க வேண்டும், பழைய எம்.டி.பி. ஃபைலில் இது இயங்காது.

இதையே ஃபார்மில் அமைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருவர் ஃபார்மைத் திறக்காமல் நேராக டேபிளில் திருத்தினால் ஃபார்ம் கட்டளை இயங்காது. டேபிளில் உள்ள மேக்ரோ எந்த வழியில் திருத்தினாலும் இயங்கும்.

பழைய தொகையும் வேண்டுமென்றால் ஆஃப்டர் அப்டேட்டில் கிரியேட்ரெக்கார்ட் மூலம் அதை வேறொரு டேபிளில் சேர்க்கலாம். பிஃபோர் சேஞ்சால் அது முடியாது; அதனால் திருத்தப்படும் ரெக்கார்டை மட்டுமே மாற்ற முடியும்.

இன்னொன்று, பதிவாவது உங்கள் கம்ப்யூட்டர் கடிகாரம் காட்டும் நேரம்தான். முதலில் அதைச் சரிபாருங்கள்.